வஜ்ஜிர வாடை

ரிவர்ட்டன்
12 நவம்பர் 1995

அன்புள்ள மெரே,

நலமா என்று கேட்பதற்கு முன்னால் மனதில் இருப்பதைக் கொட்டிவிடுகிறேன். தேனீ வளர்ப்பைப் பற்றி நீயும் உன் புருஷனான என் அண்ணன் டங்கனும் சொன்னதில் பாதி பொய். மீதிப் பாதியைச் சொல்லவே இல்லை.

ஜூலையில் அம்மாவின் அடக்கத்துக்கு டங்கன் லாரியோடு வந்தபோதே நான் யோசித்திருக்க வேண்டும். துக்கத்துக்கு வருகிறவன் எதற்குப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வருகிறான்? "அம்மாவும் போயிட்டா, கடையையும் மூடிட்ட. நாள் பூரா செவத்த மொறச்சுக்கிட்டு உக்காந்திருக்கப் போறியா எல்ஸி? இந்தா, அடை கட்டுன பெட்டிங்க. உள்ள ஈயை விட்டா போதும், அதுங்க பாட்டுக்குத் தேன் ஊத்தும்" என்று சொல்லி, கொட்டகையில் அடுக்கிவிட்டுப் போனான். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் பிறந்தநாள்கூட ஞாபகம் இல்லாதவன், எனக்காக கரமேயாவிலிருந்து இவ்வளவு தூரம் சுமந்து வந்திருக்கிறானே என்று.

பெட்டியைத் திறந்ததும் அழுகை நின்றது. ஒரு மூலையில் எலி குடித்தனம் நடத்திக் குட்டி போட்டிருந்தது. மூத்திர நாற்றம் கண்ணில் எரிந்தது. சோடா கரைத்து மரத்தையெல்லாம் தேய்த்தேன். அடைகளைத் தேய்க்க முடியவில்லை. சில அறைகளின் அடியில் அடிப்பிடித்த பால் மாதிரிக் கறுப்பாக என்னவோ ஒட்டியிருந்தது. ஊசியால் நோண்டினேன், அசையவில்லை. வாழ்நாள் முழுக்கச் சலவைக் கடை நடத்தியவள் நான். ஆட்டு ரத்தம், இறைச்சிக் குழம்பு, மணப்பெண் கவுன் மேல் மாப்பிள்ளைத் தோழன் எடுத்த வாந்தி என்று எதற்கும் மூக்கைப் பிடிக்காதவள். எனக்கே வராத கறை!

போன மாதம் இன்வர்கார்கில்லில் ஒருவரிடம் ஒரு தேனீக் கூட்டம் வாங்கி உள்ளே விட்டேன். அன்றிலிருந்து என் கை என் கையாக இல்லை. ஈக்கள் கூட்டுக்குப் பூசுகிற அந்தச் செம்பிசின் நகக்கண்ணில் ஏறி உட்கார்ந்துவிட்டது, சாப்பிடும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. காலையில் வாசலைப் பார்த்தால், முழுசாய்ப் பிறக்காத வெள்ளைக் குஞ்சுகளைக் காலைப் பிடித்து இழுத்து வந்து வெளியே எறிகின்றன. ஒரு ஈ என் உள்ளாடைக்குள் போய்ச் செத்தது. எப்படிச் செத்தது என்று எழுத மாட்டேன். போதாததற்குப் பக்கத்து வீட்டு ஹெதர் வேலிக்கு மேல் தலையை நீட்டி, "எல்ஸ்பெத், ஒன் ஈங்க வரிசையா வந்து என் படுக்கை விரிப்பு மேல வெளிக்கிருந்துட்டுப் போகுது!" என்று கத்துகிறாள். போய்ப் பார்த்தேன். உண்மைதான். மஞ்சள் மஞ்சளாக. அதையும் நான்தான் துவைத்துக் கொடுத்தேன்.

இதையெல்லாம் நீ எப்படிப் பொறுத்துக்கொள்கிறாய்?

எல்ஸ்பெத்


கரமேயா
25 நவம்பர் 1995

எல்ஸ்பெத்,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் உரக்கப் படித்தேன். விரிப்பு விஷயம் வந்தபோது டங்கனுக்குப் புரையேறிவிட்டது.

நீ என்ன நினைத்தாய்? தேனீ வெள்ளிக் கரண்டியோடு வரும் என்றா? அதுவும் ஒரு பூச்சி. தின்னும், கழியும், சாகும். செத்ததை வெளியே எறிகிற கூடு நல்ல கூடு. எறியாத கூட்டைக் கண்டால் எனக்கு எழுது.

அந்தக் கறுப்புக் கறையைப் பற்றி டங்கனிடம் கேட்டேன். "மகரந்தம் காஞ்சு பூஞ்சணம் புடிச்சிருக்கும். சலவைக்காரிக்கு எங்க பாத்தாலும் கறைதான்" என்றான். ஆகவே விடு. ஆனால் இதை மட்டும் விடாதே: வாரம் ஒரு முறை பெட்டியைத் திறந்து, புழு இருக்கிற அடைகளைத் தூக்கி வெளிச்சத்தில் பார். மேல்மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்துக்கொண்டு ஓடாதே. உன்னை எனக்குத் தெரியும். நல்ல புழு முத்து மாதிரி வெள்ளையாக, அறைக்குள் சுருண்டு படுத்திருக்கும். மூடிய அறையின் மூடி பிஸ்கட் நிறத்தில் லேசாக உப்பியிருக்கும். அப்படி இல்லையென்றால் உடனே எழுது.

எனக்கு இங்கே மூச்சு விட நேரமில்லை. ராட்டா மரங்கள் பூக்கப்போகின்றன, மழை விடுகிற மாதிரித் தெரியவில்லை. தேன் அறைத் தரையில் நடந்தால் செருப்பு காலோடு வர மாட்டேன் என்கிறது. தலைமுடியிலும் தேன்தான். உனக்குப் பிசின் ஒட்டியதற்கே இந்தப் புலம்பல்!

டங்கன் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான். அவன் சொல்லவில்லை, நானே சேர்த்துக்கொண்டேன்.

மெரே


ரிவர்ட்டன்
21 ஜனவரி 1996

அன்புள்ள மெரே,

வாரம் ஒரு முறை பார்க்கச் சொன்னாய். பார்த்தேன். கிறிஸ்துமஸ் வாரம் தவிர. அந்த வாரம் காற்று பலமாக இருந்தது. இல்லை, உன்னிடம் என்ன மறைப்பது, எனக்குப் போகப் பிடிக்கவில்லை.

ஜனவரியில் மூடியைத் தூக்கியதும் ஒரு வாடை வந்தது. மெரே, நாற்றங்களில் எனக்கு இணை இந்த ஊரில் கிடையாது. ஒருவனின் கோட்டை முகர்ந்தே எந்த மதுக்கடைக்குப் போய் வந்தான் என்று சொல்லிவிடுவேன். இது எலி இல்லை, புளித்த தேன் இல்லை. சின்ன வயதில் எங்கள் தெருத் தச்சர் பட்டறையில் ஒரு சட்டியில் வஜ்ஜிரம் காய்ச்சுவார். மாட்டுக் குளம்பும் மீன் தோலும் போட்டு, பல நாள் திரும்பத் திரும்பச் சூடாக்கிய பசை. அந்தச் சட்டியை மூடி வைத்துவிட்டு ஒரு வெயில் நாளில் திறந்தால் வருமே, அது.

அடையைத் தூக்கினேன். பிஸ்கட் நிறம் என்றாய். இங்கே மூடிகள் கறுத்து, எண்ணெய் தடவின மாதிரி மினுமினுத்து, உள்வாங்கிக் கிடக்கின்றன. சிலவற்றில் கோணல் ஓட்டை. ஒன்றைக் கிழித்தேன். முத்து இல்லை. காப்பி நிறத்தில் சளி. தீக்குச்சியை உள்ளே விட்டு இழுத்தேன். அது நூலாக நீண்டு வந்தது. நீண்டுகொண்டே வந்து, அறுந்து, சுருங்கிக்கொண்டு திரும்ப உள்ளே போனது. உயிருள்ளது மாதிரி.

குச்சியை அப்படியே போட்டுவிட்டு வேலியோரம் போய் வாந்தி எடுத்தேன். ஹெதர் பார்த்துவிட்டாள். "கர்ப்பமா?" என்று கேட்டாள். எனக்கு வயது ஐம்பத்தெட்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஈக்கள் அந்தப் புழுக்களுக்கு ஊட்டிக்கொண்டே இருந்தன, மெரே. பக்கத்து அறையில் சளியாகக் கிடக்கிறது, இந்த அறையில் தாதி ஈ தலையை விட்டு அடுத்ததற்குச் சோறு போடுகிறது. எனக்கு அது வாந்தியைவிட மோசமாக இருந்தது.

என்ன இது? நான் சரியாகப் பார்க்காததாலா?

எல்ஸ்பெத்


கரமேயா
30 ஜனவரி 1996

எல்ஸ்பெத்,

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். உட்கார முடியவில்லை.

அது புழு அழுகல் நோய். இதற்கு மருந்து இல்லை. மருந்து போட இந்த நாட்டில் அனுமதியும் இல்லை. கொளுத்த வேண்டும். ஈக்களை, அடைகளை, பெட்டியை, எல்லாவற்றையும் குழிக்குள் வைத்துக் கொளுத்தி மண்ணைப் போட்டு மூட வேண்டும். அதற்கு முன்னால் உங்கள் பகுதித் தேனீ ஆய்வாளருக்குச் சொல்ல வேண்டும்.

என்ன செய்தாய் நீ? உண்மையைச் சொல். கடைத் தேனை வாங்கி ஊட்டினாயா? யாருடைய காலிப் பெட்டியையாவது பொறுக்கிக்கொண்டு வந்தாயா? சந்தையில் பழைய அடை வாங்கினாயா? இந்த நோய் வானத்திலிருந்து விழுவதில்லை. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் எல்லாரும் இப்படித்தான்: ஆசைக்கு ஒரு பெட்டி, அப்புறம் அருவருப்பு, அப்புறம் திரும்பிப் பார்ப்பதில்லை. சுற்றியிருக்கிற கூடுகளின் ஈக்கள் இளைத்துப் போன அந்தப் பெட்டிக்குள் புகுந்து தேனைத் திருடிக்கொண்டு, கூடவே நோயையும் வீட்டுக்குச் சுமந்து போகின்றன.

எங்கள் ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற விரெமுவின் கூடுகள் போன வருடம் இப்படித்தான் போயின. எல்லாம். அவன் பெட்ரோல் ஊற்றின மாலை நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். கூட்டுக்குள்ளிருந்து வந்த சத்தம் சட்டென்று நின்றது. ஒருநாள் அவனிடமே கேட்டுவிட்டேன், "ஒழுங்கா பாத்திருக்கக் கூடாதா விரெமு?" என்று. அவன் என்னைப் பார்த்துவிட்டுத் தன் கொட்டகைக்குள் போய்விட்டான்.

டங்கன் சொல்கிறான்: "ஆய்வாளரு கீய்வாளருன்னு போகாம சத்தமில்லாமப் பொதைச்சுடச் சொல்லு. அவளுக்கு எதுக்கு வீண் தலைவலி." அவன் உன் மேல் இருக்கிற பாசத்தில் சொல்கிறான். அதைக் கேட்காதே. சொல்லிவிட்டுக் கொளுத்து.

மெரே


ரிவர்ட்டன்
14 பிப்ரவரி 1996

மெரே,

முடிந்தது. நீ சொன்னபடி ஆய்வாளரைக் கூப்பிட்டேன். ட்வீடி என்று பெயர். ஒடிசலான மனிதர், காதில் முடி. வந்ததும் பெட்டியைத் திறந்து ஒரே ஒரு தடவை மூச்சை இழுத்தார். "ம்" என்றார்.

பிறகு அடைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். நான் என் குற்றங்களை ஒப்பித்துக்கொண்டே நின்றேன். கிறிஸ்துமஸ் வாரம் பார்க்கவில்லை, சர்க்கரைத் தண்ணீர் நேரம் தவறி வைத்தேன், கையைக் கழுவிக் கழுவி அவற்றைத் தொட்டேன் என்று.

"இந்த ஈங்களை வாங்கி எத்தினி மாசம் ஆச்சுங்க?"

"அக்டோபர்ல."

"இந்த அடைங்க?"

"அது பழசு. முன்னாடியே இருந்துச்சு."

பக்கத்தில் கூப்பிட்டு, அடையை என் கண்ணுக்கு நேரே சாய்த்தார். அறைகளின் அடியில் அந்தக் கறுப்புக் கறை. அடிப்பிடித்த பால். "இது சளியாக் கெடந்து, காஞ்சு, ஒட்டிப்போன புழு. இந்தக் கெட்டிக்கு வர ஒரு வருஷத்துக்கு மேல ஆகும்மா. இந்த ஈங்க இங்க வந்தப்பவே இது இருந்திருக்கு. நீங்க வெளக்கேத்தி வச்சு தெனம் பாத்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். செத்த வீட்ல குடி வச்சிருக்கீங்க."

பிறகு பெட்டியின் பக்கவாட்டைத் தடவினார். வளர்ப்பவர்களின் பதிவு எண்ணைச் சுட்டுப் பொறித்திருப்பார்களாமே. அந்த இடத்தில் மரம் பள்ளமாக இருந்தது. உளியால் செதுக்கி எடுத்திருக்கிறார்கள். நான் இத்தனை நாள் அதைக் கைப்பிடி என்று நினைத்து, அங்கேயே விரலை வைத்துத் தூக்கிக்கொண்டிருந்தேன்.

"யாரு குடுத்தாங்க?" என்று கேட்டார்.

"எங்கம்மா வீட்டுக் கொட்டகையில கெடந்துச்சு" என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். எழுதிக்கொள்ளவில்லை.

மாலையில் ஈக்களெல்லாம் வீடு திரும்பும்வரை காத்திருந்து, வாசலை அடைத்துப் பெட்ரோல் ஊற்றினோம். நீ சொன்ன அந்தச் சத்தம் நிற்பதைக் கேட்டேன். கொளுத்தியதும் மெழுகும் தேனும் உருகி, கொதித்து, குழியின் ஓரமாக வழிந்தது. மணத்தது, மெரே. அதுதான் சகிக்கவில்லை. கேக் சுடுகிற வாசனை. ஹெதர் சன்னலைத் திறந்து, "என்ன எல்ஸ்பெத், பண்டிகையா?" என்றாள்.

கொட்டகையில் மிச்சமிருந்த பெட்டிகளையும் ட்வீடி குழியில் போடச் சொன்னார். ஆக, டங்கன் கொடுத்தது எதுவும் இப்போது என்னிடம் இல்லை.

ஒன்று கேட்கிறேன். கோபப்படாதே. உன் கூடுகளை நீயே திறந்து பார்த்து எவ்வளவு நாளாகிறது?

எல்ஸ்பெத்


கரமேயா
24 பிப்ரவரி 1996

எல்ஸ்பெத்,

கோபப்படாதே என்று எழுதிவிட்டு எழுதியிருக்கிறாய். சந்தோஷம்.

கூடுகள் டங்கனின் வேலை, தேன் அறை என் வேலை. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அவன் புழுவைப் பார்ப்பான், நான் பாட்டிலை நிரப்புவேன். நான் உன்னைப் போல வீட்டில் உட்கார்ந்து ஊர் நாற்றத்தை முகர்ந்துகொண்டிருக்கவில்லை.

உன்னால் ஒரு பெட்டியை நான்கு மாதம் வைத்திருக்க முடியவில்லை. அந்த அசிங்கம் உன் மேல் இருக்கக் கூடாது என்பதற்காக அதைக் கொண்டுவந்து என் வாசலில் கொட்டுகிறாய். ஒரு பெட்டியை எத்தனை பேர் கைமாற்றியிருப்பார்கள்? யார் செதுக்கினார்களோ. யாரோ ஒரு அரசாங்க ஆள் அடையைச் சாய்த்துக் காட்டினாராம், உடனே உடன்பிறந்தவன் திருடனாம்.

உனக்காக அவன் சுமந்து வந்ததற்கு நல்ல மரியாதை.

இனி எழுதாதே.

மெரே


ரிவர்ட்டன்
5 மார்ச் 1996

மெரே,

எழுதாதே என்றாய். இது ஒன்று மட்டும்.

உனக்குப் புருஷன் ஆவதற்கு முன்னால் அவன் எனக்கு அண்ணன். சின்ன வயதில் அவன் உடைத்த சன்னல்களுக்கு நான் அடி வாங்கியிருக்கிறேன். ட்வீடியிடம் பொய் சொன்னது உனக்காக இல்லை, அவனுக்காக. சொல்லி முடித்ததிலிருந்து என் வாயைக் கொப்பளித்துக்கொண்டே இருக்கிறேன்.

அவன் செய்தான் என்று நான் எழுதவில்லை. இப்போதும் எழுத மாட்டேன். என் மூக்கு சொன்னதை எழுதினேன். நீ நம்ப வேண்டாம். ஒரு காரியம் செய். அவன் ஊரில் இல்லாத ஒரு நாள், தீப்பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு போய் உன் கூடுகளைத் திற. ஒன்றுமில்லை என்றால் எனக்கு ஒரு வரி போடு. நான் அங்கே வந்து, விரெமு உள்பட எல்லார் முன்னாலும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

எல்ஸ்பெத்


கரமேயா
8 ஏப்ரல் 1996

எல்ஸ்பெத்,

இந்தக் கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் பல தாள்களைக் கிழித்துவிட்டேன்.

உன் கடிதம் வந்தபோது அதைப் படிக்காமல் ரொட்டி டப்பாவுக்கு அடியில் வைத்தேன். சில நாள் கழித்துப் படித்தேன். டங்கன் லாரிக்கு டயர் மாற்ற வெஸ்ட்போர்ட் போன அன்று ஈக்களைச் சாந்தப்படுத்தும் புகைப்பானைப் பற்றவைத்துக்கொண்டு போனேன். வீட்டுப் பக்கத்துக் கூடுகள் நன்றாக இருந்தன. எல்லாமே வெள்ளை முத்து. உன்னைத் திட்டிக்கொண்டே திரும்ப இருந்தேன். அப்புறம் கல் குவாரிக்குப் பின்னால் இருக்கிற வரிசை ஞாபகம் வந்தது. அங்கே பாதை வழுக்கும், நீ வராதே என்று அவன் எப்போதும் சொல்வான்.

முதல் மூடியைத் தூக்கியதும் வஜ்ஜிரச் சட்டி. உன் வார்த்தைதான் வந்தது. அந்த வரிசையில் பாதிக் கூடுகளில் குச்சியை விட்டேன். எல்லாவற்றிலும் நூல். ஒரு பெட்டியில் ஈக்களே இல்லை. அந்துப் புழு பின்னிய வலையும் கறுத்த அடையும்தான். அந்த வாசலில் வேறு எங்கிருந்தோ வந்த ஈக்கள் போவதும் வருவதுமாக மிச்சத் தேனை அள்ளிக்கொண்டிருந்தன. அள்ளிக்கொண்டு எந்தப் பக்கம் பறக்கின்றன என்று பார்த்தேன். ஓடையைத் தாண்டி. போன வசந்தத்தில் விரெமு புதிதாக வைத்த கூடுகளுக்கு.

அந்த வரிசைத் தேனையும் சேர்த்துத்தான் இந்த வருடம் நான் பாட்டிலில் அடைத்தேன். மனிதர்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது, தெரியும். ஆனாலும் இன்றுவரை நான் ரொட்டியில் தேன் தடவவில்லை.

அவன் திரும்பி வந்ததும் மேசை மேல் குச்சியை வைத்தேன்.

"என்ன இது?"

"குவாரி வரிசை."

"ஓ, அதுவா. கொஞ்சம் சொணக்கமா இருக்கு. வசந்தத்துல தேறிடும்."

"இது தேறாது. எனக்குத் தெரியும், ஒனக்கும் தெரியும். எத்தினி நாளா?"

தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "ரெண்டு வருஷமா. எல்லாத்தையும் கொளுத்திட்டு என்ன பண்ணச் சொல்ற? ஆய்வாளரு வந்தான்னா மொத்தத்தையும் கிண்டுவான். கெட்டுப்போனதைத் தனியா ஒதுக்கி வச்சு சமாளிச்சுக்கிட்டிருக்கேன். நீ வேற கிண்டாத."

"விரெமுவோட கூடுங்க?"

"அவன் மறுபடி வச்சுட்டானே."

"எல்ஸ்பெத்துக்கு எதுக்குக் குடுத்த?"

இதற்கு அவன் சிரித்தான், எல்ஸ்பெத். நிஜமாகவே சிரித்தான். "இங்க கொளுத்தியிருந்தா பொகையப் பாத்துட்டு விரெமு வந்திருப்பான். அங்க கொண்டுபோயிட்டா யாருக்குத் தெரியும்? அவளைத்தான் ஒனக்குத் தெரியுமே. ஒரு மாசத்துல அருவருத்துப்போயி குப்பை மேட்ல வீசிடுவான்னு நெனச்சேன். இப்படி மல்லுக்கட்டுவான்னு யாரு கண்டா?"

உன்னைக் குப்பைத் தொட்டியாகக் கணக்குப் போட்டுத்தான் சுமந்து வந்திருக்கிறான். அம்மாவின் சவப்பெட்டி வீட்டில் இருக்கும்போது.

மறுநாள் காலையில் ஆய்வாளருக்கு நானே போன் செய்தேன். பிறகு ஓடையைத் தாண்டி விரெமுவிடம் போனேன். அவன் வேலிக்கம்பி இழுத்துக்கொண்டிருந்தான். சொல்லி முடித்தேன். அவன் கையை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றான். "ஒங்க பக்கமிருந்துதான் வந்துச்சுன்னு அப்பவே தெரியும். நீயும் சேந்துதான் மறைக்கிறன்னு நெனச்சேன். ஒழுங்கா பாத்திருக்கக் கூடாதான்னு நீ கேட்டப்ப, ஒன் மொகத்துல துப்பலாமான்னுகூட யோசிச்சேன் மெரே. எங்கம்மா அப்படி வளக்கல, விட்டுட்டேன்."

கொளுத்துகிற அன்று பெட்ரோல் டப்பாவோடு அவன்தான் முதலில் வந்தான். டங்கன் லாரியை விட்டு இறங்கவே இல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு ரேடியோவில் ரக்பி கேட்டுக்கொண்டிருந்தான். மழையில் தீ பிடிக்க நேரமாயிற்று. குழி முழுக்க அந்தக் கேக் வாசனை.

மறுநாள் நான் எழுந்தபோது லாரி இல்லை. தேன் அறைக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த காலிப் பெட்டிகளும் இல்லை. அது இருந்ததே ஆய்வாளருக்குத் தெரியாது. தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது பெட்டிகள் என்று எனக்கும் தெரியாது, புல் வெளுத்திருந்த சதுரத் தடம்தான் சொன்னது.

உன் வீட்டுக்கு வந்தால் எழுது. எழுதாதே என்று சொன்னவள் கேட்கிறேன்.

மெரே


ரிவர்ட்டன்
17 ஏப்ரல் 1996

மெரே,

வந்தான்.

உன் கடிதம் கிடைத்த மறுநாளே வந்தான். நான் பிக்லெட் அப்பம் சுட்டுக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, லாரிச் சாவியை மேசையில் போட்டுவிட்டு, அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தான். "மெரேக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கு எல்ஸி. ஊரைக் கூட்டி என் மானத்தை வாங்கிட்டா. அவ ஒனக்கு எதாவது எழுதினா நம்பாத" என்றான்.

தட்டை அவன் முன்னால் வைத்தேன். வெண்ணெய், ஜாம். பழக்கம், மெரே. கை தானாகவே செய்தது.

"லாரியில என்ன?" என்று கேட்டேன்.

"பெட்டிங்க. டனீடன்ல ஒரு புதுக் கல்யாண ஜோடி, தேனீ வளக்க ஆசைப்படுதுங்களாம். நாளைக்குக் குடுக்கணும். வர்ற வழியில நிறுத்திப் பெயின்ட் அடிச்சேன், போய்ப் பாரு, பளபளன்னு இருக்கு."

போய்ப் பார்த்தேன். வெள்ளைப் பெயின்ட், இன்னும் விரலில் ஒட்டியது. ஒரு மூடியைத் தூக்கி, தலையை உள்ளே விட்டு மூச்சை இழுத்தேன். பெயின்ட் வாடை. அதற்கு அடியில், காத்துக்கொண்டு, அது. எனக்கு அந்த டனீடன் பெண்ணின் முகம் தெரியாது. ஆனாலும் அவள் தீக்குச்சியோடு குனிவது தெரிந்தது. தன் மேல்தான் தப்பு என்று அழப்போகிறாள்.

உள்ளே வந்தேன். மேசையிலிருந்த சாவியை எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன். அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். போன் நடையில் இருக்கிறது, சமையலறைக் கதவு மூடுவதே இல்லை, உனக்குத் தெரியும். நான் குரலைத் தாழ்த்தவில்லை.

"மிஸ்டர் ட்வீடி, எல்ஸ்பெத் பேசறேன். அந்தப் பெட்டிங்க எங்கம்மா கொட்டகையில கெடந்ததில்ல. எங்கண்ணன் குடுத்தது. இன்னும் ஒரு லாரி நெறைய என் வீட்டு வாசல்ல நிக்குது. ஆளும் இங்கதான் இருக்கான். ஆமா. நான் புடிச்சு வைக்கறேன், வாங்க."

திரும்பி வந்தபோது அவன் கத்துவான், மேசையைக் கவிழ்ப்பான், சாவிக்காக என் கையை முறுக்குவான் என்று நினைத்தேன். வாணலிக் காம்பைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அவன் கடைசிப் பிக்லெட்டை மென்று முடித்தான். விரலை நக்கினான். தட்டை என் பக்கம் தள்ளினான்.

"ஜாம் இன்னும் இருக்கா?" என்றான்.

அவ்வளவுதான், மெரே. வெட்கம் இல்லை, கோபம்கூட இல்லை. மழை வரும்போல இருக்கிறதே என்பது மாதிரிக் கேட்டான். அந்தச் சளி குச்சியில் நூலாக வந்தபோது எனக்கு வந்த குமட்டல் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. தொட்டியில் குனிந்து நின்றேன். பின்னாலிருந்து, "ஒனக்கு எப்பவுமே வயிறு சரியில்ல" என்றான் என் அண்ணன்.

"ஜாம் தீந்து போச்சு" என்றேன். தீரவில்லை. அலமாரியில் வரிசையாக இருந்தது, அவனுக்கும் தெரிந்தது.

ட்வீடி இன்னொருவரோடு வந்தார். பெட்டிகளையெல்லாம் பழைய குழிக்குப் பக்கத்திலேயே கொளுத்தினோம். பெயின்ட் இருந்ததால் புகை கறுப்பாக, எண்ணெய்ப் பிசுக்காக எழுந்து என் சன்னல்களையும் ஹெதரின் விரிப்புகளையும் நாசம் செய்தது. ஹெதர் இந்த முறை சன்னலைத் திறக்கவில்லை. வெளியே வந்து என் பக்கத்தில் நின்றாள். டங்கன் விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்றார்கள். அவன் காலி லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எங்கே என்று நான் கேட்கவில்லை.

அவன் உட்கார்ந்த நாற்காலியைச் சோடா போட்டுத் தேய்த்தேன். பிறகு தேய்ப்பதை நிறுத்திவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்து அழுதேன். அழுகையில் பாதி அவனுக்காகத்தான், உன்னிடம் சொல்வதற்கென்ன.

அருவருத்து வீசிவிடுவேன் என்று கணக்குப் போட்டானாமே. அருவருப்பு எனக்குப் போகவில்லை. போகவும் போகாது. அந்தப் பிசின், அந்தச் செத்த குஞ்சுகள், உள்ளாடைக்குள் ஈ, எதையும் நான் ரசிக்கப்போவதில்லை. ஆனாலும் வீட்டுப் பக்கத்துக் கூடுகள் வெள்ளை முத்தாக இருக்கின்றன என்று எழுதியிருந்தாய். ஆய்வாளர் சரி என்று சொன்ன பிறகு, வசந்தத்தில் அதில் ஒன்றைப் பிரித்து எனக்குக் கொடு. மரம் புதிதாக இருக்கட்டும், உன் எண்ணைப் பெரிதாகச் சுட்டுப் பொறி. கையுறை மாட்டிக்கொண்டு, மூக்கைச் சுளித்துக்கொண்டு, கிறிஸ்துமஸ் வாரமும் திறந்து பார்ப்பேன்.

அதை நீயே கொண்டு வா. லாரி இல்லையென்றால் விரெமுவிடம் கேட்டுப் பார். அவன் முடியாது என்றால் பஸ்ஸில் வா, கூட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எல்ஸ்பெத்